கொளுத்திப் பார்த்து வாங்குங்கள்
தொழிலகப் பாதுகாப்பு: கேள்வி-பதில்

கே: லேத்தில் இரும்புச் சுருள் கையைக் கிழிக்கிறது. எந்தக் கையுறை போடலாம்?
- டர்னர், அம்பத்தூர்

ப: எதையும் போடக் கூடாது. சுற்றுகிற ஜாப்பில் கையுறை மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மெஷினை நிறுத்திவிட்டுச் சுருளைக் கொக்கியால் எடுங்கள்.

கே: எங்கள் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் இந்த வருடம் எல்லாருக்கும் டெரிகாட்டன் யூனிஃபார்ம். கசங்குவதில்லை, சீக்கிரம் காய்கிறது. வெல்டர்களும் இதையே போடலாமா?
- வெல்டர், துவாக்குடி

ப: போடாதீர்கள். தீபாவளி யூனிஃபார்ம் கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. கசங்காததற்குக் காரணம் அதிலுள்ள பாலியஸ்டர். அது ஏறக்குறைய 250 டிகிரியில் உருகிவிடும். எஃகோ 1,400 டிகிரியை ஒட்டித்தான் உருகவே தொடங்கும். அந்த உருகிய எஃகுத் துளிதான் உங்கள் மேல் தெறிக்கிறது. சுத்தமான பருத்தி, பட்ட இடத்தில் கருகி ஓட்டையாகும். டெரிகாட்டனில் உள்ள பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டு காயத்தை ஆழமாக்கும். அப்படி ஒட்டினால் பிய்த்து எடுக்காதீர்கள். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள், ஒட்டாத துணியை மட்டும் சுற்றி வெட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைக்காரர் ‘நூறு சதவீதம் காட்டன்’ என்றால் அப்படியே நம்ப வேண்டாம். துணியின் நெடுக்கில் ஓர் இழை, குறுக்கில் ஓர் இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரியும். சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் சுருங்கும், ஆறிய பின் தொட்டால் நுனியில் கறுப்பாக, கெட்டியாக ஒரு மணி நெருடும். நெருடினால் துணியைத் திருப்பி அனுப்புங்கள்.

பருத்தியும் தீப்பிடிக்கும். அதனால்தான் வெல்டருக்கு மேலே தோல் ஏப்ரனும் கையுறையும் வேண்டும், ஐ.எஸ்.ஓ. 11611 முத்திரையுள்ள தீத்தடுப்பு (எஃப்.ஆர்.) உடை கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளே போடும் பனியனும் பருத்தியாக இருக்கட்டும். பேண்ட் ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், கீழே மடித்து விடக் கூடாது. பொறி அந்த மடிப்பில்தான் போய்த் தங்கும். பளபளக்கும் ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அதைக் கழற்றிவிட்டு டார்ச்சை எடுங்கள்.

யூனிஃபார்முக்கு ஆர்டர் போடுகிறவரே, மீட்டர் விலையை மட்டும் பார்த்து ஆபீசுக்கும் வெல்டிங் ஷாப்புக்கும் ஒரே துணியை எடுக்காதீர்கள். முதலில் ஒரு வெல்டரின் பழைய சட்டையை வாங்கி விரித்துப் பாருங்கள். எங்கே தோல் உறை தேவை என்று அதிலுள்ள ஓட்டைகளே காட்டிவிடும்.

கே: எஃப்.ஆர். கோட்டில் எண்ணெய்க் கறை. ப்ளீச்சிங் போட்டுக் கஞ்சியில் முக்கி எடுக்கலாமா?
- எண்ணூர்

ப: இரண்டும் வேண்டாம். ப்ளீச்சிங் தீத்தடுப்பைக் கெடுக்கும், கஞ்சியே தீப்பிடிக்கும். சாதாரண சோப்புத் தூளில் துவைத்து, சோப்பு மிச்சமில்லாமல் அலசுங்கள். அப்படியும் எண்ணெய் போகாவிட்டால் கோட்டை மாற்றுங்கள். எண்ணெய் ஊறிய எஃப்.ஆர். துணி உங்களைக் காப்பாற்றாது.

கே: கணவர் பேட்டரி ஆலையில் ஈயத் தகடு பிரிவில் இருக்கிறார். அவர் யூனிஃபார்மைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத்தான் துவைக்கிறேன். தவறா?
- ஓசூர்

ப: உங்கள் மேல் தவறில்லை, அம்மா. அந்த உடை வீட்டுக்கே வந்திருக்கக் கூடாது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆலையிலேயே குளித்து, உடை மாற்றிவிட்டு வர வேண்டும். துவைப்பது நிர்வாகத்தின் வேலை. அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதுவரை உடையை உதறாமல், கட்டிய பையில் வாங்கி, தனியாகத் துவையுங்கள். அவருக்கும் குழந்தைகளுக்கும் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். பயந்துகொண்டே இருப்பதைவிடப் பார்த்துவிடுவது நல்லது.

கே: பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலைக்கு பாலியஸ்டர் சேலை உடுத்தலாமா?
- சிவகாசி

ப: கூடாது. உரசலில் நிலைமின்சாரம் சேரும். மருந்து பற்றிக்கொள்ள அந்தப் பொறி போதும். உள்ளாடை வரை பருத்தி. எர்த் செய்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் போங்கள்.

கே: ஷிப்ட் முடிந்ததும் உடையிலுள்ள தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதிக்கொள்கிறோம். சரிதானே?
- கோவை

ப: இன்றே நிறுத்துங்கள். ஆக்சிஜன் துணி இழைக்குள் தங்கும். அதன் பிறகு ஒரு பீடிப் பொறி விழுந்தால் உடை முழுவதும் பிடித்துக்கொள்ளும், எஃப்.ஆர். துணியும் விதிவிலக்கல்ல. கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அது தூசியைக் கண்ணுக்குள் ஏற்றும். பிரஷ் போதும். ஏற்கெனவே ஊதியிருந்தால் உடையைக் கழற்றி, நெருப்பில்லாத இடத்தில் நன்றாகக் காற்றாட விடுங்கள்.