கை போன போக்கில்

கேள்வி: எனக்கு ஓவியம் தெரியாது. மனம்போன போக்கில் வரைந்தால் என்னையே புரிந்துகொள்ளலாம் என்கிறார்களே, உண்மையா? – வாசகி, குன்னூர்

பதில்: ஓரளவு. மரியான் மில்னர் என்ற ஆங்கிலேய உளப்பகுப்பாய்வாளர் தம்மையே சோதித்து 1950இல் புத்தகமே எழுதினார். அழகாக எதையோ வரைய உட்கார்ந்தவரின் தாளில் கோபமும் பயமும் வந்து விழுந்தன.

ஆனால், உங்கள் மலையிலேயே பாருங்களேன். தோடர் பழங்குடிப் பெண்கள் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்ய முன்வரைவு எதுவும் கிடையாது; துணியின் இழைகளை எண்ணியே ஊசி நகர்கிறது. பார்ப்பவர்கள் உள்ளுணர்வு என்பார்கள், எனக்கென்னவோ, எண்ணிக்கை விரலில் ஊறிப்போனது என்றே படுகிறது. வரைவதற்கும் அந்தக் கைப்பழக்கம் வேண்டும்; எனவே முதல் நாளே மனம் திறக்காது. தினமும் வரையுங்கள், தேதி போடுங்கள், கிழிக்காதீர்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் பரப்பி, எந்த உருவம் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த நிறத்தைத் தொடவே இல்லை என்று பாருங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் துயரம் என்றால், தாளோடு நிற்காமல் மருத்துவரையும் பாருங்கள்.