அரைக்கூட்டு மின்கிற்றாரைப் பழுதுபார்த்தல்

கோயில் திருவிழா மெல்லிசை மேடைகளிலே மின்கிற்றார் இன்று புதுமைப் பொருளன்று. எனினும், அது பழுதுற்றவிடத்துத் திறந்து பார்க்கத் துணிவோர் நம்முட் சிலரே. அரைக்கூட்டு மின்கிற்றார் எனின், றேடியோ திருத்துவதிற் கைதேர்ந்தவர்களுங்கூடத் தயங்குவர். மின்சுற்றின் சிக்கல் இதற்குக் காரணமன்று. உறுப்புகளைச் சென்றடையும் வாயிலின் இடுக்கமே காரணமாம்.

1958ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட ஈ.எஸ். 335 என்னுங் கருவியே இவ்வகைக்கு முன்மாதிரி. உள்ளீடற்ற மெல்லிய மரக்கூட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு கட்டை பொருந்தியிருக்கும். ஒலிபெருக்கியின் ஓசை கூட்டினுட் புகுந்து ஊளையிடுவதை அது குறைக்கின்றது. தந்திகளின் கீழுள்ள ஏற்பிகளுக்கு, பௌதிக வகுப்பிலே நாம் கற்ற பரடேயின் தூண்டல் விதியே உயிர். காந்தத்தின்மேல் உருக்குத் தந்தி அதிர, செப்புக்கம்பிச் சுருளில் மின் பிறக்கின்றது. சேத் லவர் என்பார் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பிலே, எதிரெதிர்க் காந்தமுனைவுடைய இரு சுருள்கள் இணைந்து, வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சலைத் தம்முள் அழித்துக்கொள்கின்றன.

இனிப் பழுதுகளை நோக்குவோம். ஏற்பியின் சுருள் அறுவது அரிது. கிற்றாரிற் செருகிய கம்பியின் மறுமுனையிற் பல்மானியை வைத்து, ஒலியளவை முழுதுந் திறந்தால், பெரும்பாலும் 7 அல்லது 8 கிலோஓம் தடை காட்டும். காட்டின் சுருளில் அறுப்பில்லை. ஓசை விட்டுவிட்டு வருமாயின் முதலில் ஐயுறவேண்டியது, கம்பி செருகும் ஜக் என்னும் உறுப்பை. அதன் நட்டுத் தளர, ஜக் உள்ளே சுழன்று பற்றாசு விடுபடும். ஜக்கைப் பிடித்துக்கொள்ளாது நட்டை மாத்திரம் ஸ்பனரால் இறுக்குவோர், உள்ளிருக்கும் கம்பியையும் முறுக்கி அறுத்துவிடுவர். குமிழைத் திருகும்போது கரகரப்பு எழின், அது கடைத்தெருவில் 'வொலியூம் கொன்றோல்' எனப்படும் மாறுந்தடையியின் குற்றம். கடல் சூழ்ந்த நம் குடாநாட்டிலே உப்புக்காற்று உலோகத்தை விட்டுவைப்பதில்லை. திருவிழா வீதிப் புழுதியுஞ் சேர்ந்தாற் கேட்கவும் வேண்டுமா? தொடுகை துப்புரவாக்கும் திரவத்தை அதனுட் செலுத்தி, இருபது முறை திருகிப் பார்த்த பின்னரே 500 கிலோஓம் கொண்ட புதியதொன்றை மாற்ற முற்படல் தகும். 0.022 மைக்குரோபரட் கொள்ளளவியை வீணே மாற்றவேண்டாம். அது பழுதாவது குறைவு.

மாற்றுவதற்கோ பின்புறக் கதவு கிடையாது. வயலினிற் காண்பது போன்ற வளைதுளையே வழி. சிலர் பொறுமையின்றிப் பின்பலகையை அறுத்துவிடுகின்றனர். அது திருத்தமன்று, கொலை. தந்திகளைத் தளர்த்திக் குமிழ்களையும் நட்டுகளையுங் கழற்றியபின், ஒவ்வொரு மாறுந்தடையியின் தண்டிலும் வெவ்வேறு நிற நூலை இறுகக் கட்டி, அதன்பின்னரே தண்டை உள்ளே தள்ளவேண்டும். ஜக்கிற்கும் இவ்வாறே. நூல் கட்டாதவர் கிணற்றில் வாளியை விட்டுப் பாதாளக்கரண்டி தேடுபவரை ஒப்பர். உறுப்புகளை வளைதுளையால் வெளியே எடுத்து, கூட்டின்மேல் தடித்த துணி விரித்துப் பற்றாசுக்கோலைப் பிடிக்க. வேலை முடிந்ததும் நூலை மெல்ல இழுத்தால் ஒவ்வொரு தண்டும் தன்தன் துளையிலே தலைகாட்டும்.

மூடுமுன் ஒரு கம்பியை நன்கு நோக்கவேண்டும். அது தந்திப்பிடியிலிருந்து சுற்றின் புவித்தொடுப்புக்குச் செல்வது. அது அறுந்தால் இரைச்சல் மிகும். பொருந்தியிருந்தாலோ வாசிப்பவர் கை எப்பொழுதும் புவியோடு தொடர்புற்றிருக்கும். அந்நிலையில் மின்னேறிய ஒலிவாங்கி உதட்டிற் பட்டால் மின்னோட்டம் உடலினூடே பாயும். 1972 மே மாதத்திலே வேல்சு நாட்டின் சுவான்சி நகர மேடையில், லெஸ்லி ஹார்வி என்ற கிற்றார்க் கலைஞர் புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு உயிர் நீத்தார். நம்மூரிலும் இரைச்சல் போக்கவென்று செருகியின் மூன்றாம் முனையைக் கழற்றிவிடுவோர் உளர். ஜெனறேற்றரில் இயங்கும் மேடைகளிலே, மண் ஆழமில்லாச் சுண்ணக்கற் றரையிற் புவிக்கோல் செவ்வனே இறங்குவதுமில்லை. ஆதலின் மேடையேறுமுன், பல்மானியை ஆடலோட்ட வோற்றளவில் வைத்து, ஒருமுனையைத் தந்தியிலும் மறுமுனையை ஒலிவாங்கியின் வலையிலுந் தொடுக. முள் சற்றேறினும், மின்வழங்கல் திருத்தப்படும்வரை அக்கருவியைக் கையில் எடுத்தலாகாது.