அலமாரிச் சாவி

பேராக் தமிழ்ப்பள்ளிகளில் நூலகப் பொறுப்பை ஏற்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் சொல்வது.

1. முதலில் சாவியைக் கேட்டு வாங்குங்கள். நான் முதலில் வேலை பார்த்த தோட்டப் பள்ளியில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதிகாரி வரும் நாளில் மட்டும் திறக்கும். மற்ற நாள்களில் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி அட்டைப்படம் பார்ப்பார்கள். ஒருநாள் திறந்தால், கீழ்த்தட்டைக் கறையான் படித்து முடித்திருந்தது! சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

2. நிலாம் வாசிப்புத் திட்டத்தின் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை புத்தகம் என்று எண்ணினால் பிள்ளை ஒல்லிப் புத்தகமாகத் தேடுவான். சுருக்கத்தைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவான். அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன்தான் நானும். "எந்த இடத்துல சிரிச்ச?" என்று கேளுங்கள். படித்தவன் முகம் சொல்லிவிடும்.

3. வாசித்துக் காட்டுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒருவர் 'தமிழ் நேசன்' வாசிக்க, பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். என் அப்பாவுக்கு உலகம் காதுவழியாகத்தான் வந்தது. 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றுபோனது.

4. ஓய்வு நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள். ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறியபின் பல குடும்பங்கள் ஈப்போ அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. லயத்துப் பிள்ளைக்கு விளையாட வாசலாவது இருந்தது. இங்கே பலருக்குத் தனியாக உட்கார ஒரு மூலைகூட இல்லை. தினமும் வந்து, பக்கத்தைப் புரட்டாமலே ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், நாலு பேர் முன்னால் ஏன் என்று கேட்காதீர்கள். சிற்றுண்டிச்சாலைக்குக் காசில்லாமல் இருக்கலாம். வீட்டில் சண்டையாக இருக்கலாம். முத்திரை குத்தும் வேலையைக் கையில் கொடுங்கள். இரண்டு வாரத்தில் தானாகப் பேசும். பேசியதை ஆசிரியர் அறையில் கதையாக்க வேண்டாம். ஆலோசக ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள்.

5. 'அமைதி' பலகையைக் கழற்றிவிடுங்கள்.

6. பணத்துக்குத் தயங்காதீர்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். ஓர் அலமாரிக் கதைப்புத்தகத்துக்குப் பழைய மாணவர்களிடம் கேட்க என்ன வெட்கம்? பட்டியல் போடுங்கள். முதல் பத்து வெள்ளி என்னுடையது.