பெண் கேட்டலும் மறுமொழியும்: ஓர் ஆங்கில நாவற் பாடம்

கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழருடைய சாதிகள், வழக்கங்கள், ஒழுகலாறுகள், இலக்கியம் என்பவற்றை ஆங்கிலங் கற்றோர் அறியும்படி அம்மொழியிலேயே எழுதிவைத்தார். அவர் சிறு பிள்ளையாயிருந்த காலத்தில், 1813ஆம் ஆண்டு சனவரி மாதம், இலண்டனில் மூன்று பாகங்கொண்ட நாவலொன்று வெளிவந்தது. ஆசிரியரின் பெயர் அதன் முகப்பில் இல்லை. எழுதியவர் ஜேன் ஒஸ்ரின் என்னும் மணமாகாத பெண்மணி. நூல் 'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்', அதாவது செருக்கும் முன்முடிவும். புத்தளக் கரையோரத்தவர் ஒருவர் நம் வழக்கங்களை ஆங்கிலருக்கு விளக்கினார். ஆங்கிலர் வழக்கங்களை நம் மாணாக்கருக்கு விளக்குதல் என் போன்ற ஆசிரியர்க்கு வாய்த்த தொழிலாயிற்று. அத்தொழிலைப் பல்லாண்டு செய்தவன் என்ற உரிமையோடு இம்மலரிற் சில சொல்லப் புகுகின்றேன்.

இந்நாவலைத் தொடங்கும் மாணாக்கர் பெரும்பாலும் ஒரு தவறான எண்ணத்தோடு வகுப்பில் அமர்வர். வெள்ளையர் தாமே கண்டு, தாமே காதலித்து, எவரையுங் கேளாது மணம் முடிப்பவர் என்பதே அவ்வெண்ணம். இதே ஆசிரியரின் வேறொரு நாவலைத் தழுவி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்னும் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அவ்வெண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருக்கும். நூலுட் சென்றால் நிகழ்வது வேறு. ஐந்து பெண்மக்களையுடைய பெனற் அம்மையார், அயலிற் குடிவந்த செல்வ இளைஞன் பிங்லியைத் தாமாகச் சென்று காண இயலாது. குடும்பத் தலைவர் முதலிற் சென்று வரவேண்டும். அறிமுகஞ் செய்விக்கப்படாத ஒருவரோடு பேசுதல் முறையன்று. மணம் பேசி முடியாத ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுதலும் ஆகாது. ஆதலாற்றான் டார்சி தன் நீண்ட கடிதத்தைத் தபாலில் விடாது எலிசபெத்தின் கையிற் கொடுத்து அகல்கின்றான்.

இவற்றை விளக்க எனக்குக் குறிப்புரை நூல் வேண்டியிருக்கவில்லை. பெனற் அம்மையார் தம் கணவரை எப்பொழுதும் 'மிஸ்ரர் பெனற்' என்றே அழைக்கின்றார் என்றதும், கணவன் பெயரைச் சொல்லாத தம் பாட்டிமாரை நினைந்து மாணாக்கர் நகைப்பர். மூத்தவர் மணமாகாதிருக்க இளையவரும் விருந்தாட்டங்களுக்குச் செல்வதைக் கேட்டுக் கதறீன் சீமாட்டி திகைப்பதையும் அவர்கள் உடனே விளங்கிக்கொள்வர். கடைக்குட்டி லிடியா மணமாகி வீடு வந்ததும், இனித் தானே சுமங்கலி என்பதால், மூத்த தமக்கை ஜேனைப் பின்னே போகச் சொல்லி அவளிடத்தைத் தான் பற்றுகின்றாள். இக்காட்சியை இலண்டன் மாணவனுக்கு உரை எழுதி விளக்கவேண்டும். முந்தலிலோ உடப்பிலோ பிறந்த பிள்ளைக்கு ஒரு சொல்லும் வேண்டா.

சீதனக் கணக்கும் அவ்வாறே. பெனற் குடும்பத்தின் வருவாய் ஆண்டுக்கு 2,000 பவுண். ஆயின் அந்நிலம் ஆண்வழிக்கே உரியதாகக் கட்டப்பட்டது. தந்தையார் இறந்தால் தூரத்து உறவினனாகிய கொலின்ஸ் பாதிரியாருக்குப் போய்விடும். பெண்ணொருத்திக்குத் தாயின் மறைவுக்குப்பின் கிடைப்பது 1,000 பவுண் முதல். நூற்றுக்கு 4 வட்டியில் ஆண்டுக்கு 40 பவுண். டார்சியின் வருவாயோ ஆண்டுக்கு 10,000. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலே தாயின் சீதனம் பெண்மக்கட்கே சேர்வதென்று விதி இருந்தமையை இங்கே ஒப்புநோக்கலாம். அவ்வகையில் எலிசபெத்தின் நிலை நம் பெண்கள் சிலரின் நிலையினும் இரங்கத்தக்கது.

இனிப் பெண் கேட்கும் காட்சிகளுக்கு வருவோம். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. கொலின்ஸ் எலிசபெத்தை மணங் கேட்கையில் தான் மணம் முடிப்பதற்குரிய காரணங்களை வரிசைப்படுத்துகின்றார். அவளுக்கு வரக்கூடிய 1,000 பவுணையும் சொல்லிக் காட்டி, அதன் சிறுமையை ஒருபோதும் குத்திக் காட்டேன் என்று வாக்களிக்கின்றார்! அவள் மறுக்கின்றாள். அவர் கலங்கவில்லை, முதன்முறை மறுப்பது நன்மகளிர் வழக்கம், உள்ளே உடன்பாடுதான் என்கின்றார். அவள் மீண்டும் மறுக்க, அது அவர்தம் நம்பிக்கையை வளர்க்கின்றது.

வகுப்பு முழுவதும் சிரிக்கும் இடம் இது. சிரிப்பு அடங்கியபின் நான் ஒரு வினா எழுப்புவதுண்டு: நம் வீடுகளிற் பெண் பார்க்க வந்தோர் முன்னே தேநீர்த் தட்டோடு வந்து நிற்கும் பெண்ணின் மௌனத்துக்கு நாம் கொள்ளும் பொருள் யாது? மௌனம் சம்மதம் என்கின்றோம். கொலின்ஸ் 'மாட்டேன்' என்பதைச் சம்மதமாகக் கொண்டார். நாம் பேசாமையைச் சம்மதமாகக் கொள்கின்றோம். இரண்டிடத்தும் பெண்ணின் உள்ளக் கருத்தைக் கேட்டவர் எவருமிலர். அதன்பின் வகுப்பிற் சிரிப்பு எழுவதில்லை.

டார்சி கேட்கும் முறையும் முதலில் இதனின் வேறன்று. அவன் அறிவுடையான், நேர்மையுடையான். ஆயினும் அவளுடைய குடும்பத்தின் தாழ்வை எடுத்துரைத்துக்கொண்டே காதலைச் சொல்கின்றான். மறுமொழி இன்னதென்பதில் அவனுக்கும் ஐயமில்லை. விக்கமோ இனிய சொல்லும் இன்முகமும் உடையவன், உள்ளே வஞ்சகன். நன்னடக்கை என்பது நன்மையின் சான்று என்று நம்பிய எலிசபெத், இருவரையும் மாறி மதிப்பிட்டுவிடுகின்றாள். மறுக்கப்பட்டபின் டார்சி தன் நடக்கையைத் திருத்திக்கொள்கின்றான். 'மாட்டேன்' என்ற சொல்லை அச்சொல்லாகவே கேட்டு, அதனால் மாறிய ஆண்மகன் இக்கதையில் அவன் ஒருவனே. அவனுக்கு அவள் பின்னர் இசைவது அவன் செல்வத்துக்காகவே என்று விடை எழுதும் மாணாக்கர் இவ்விடத்தை விட்டுவிட்டனர் என்றே நான் கொள்வேன்.

தொல்காப்பியத்துக் களவியலையுங் கற்பியலையும் கற்றவர்க்கு இங்கே இன்னுமொரு சுவை உண்டு. ஊரார் பழிச்சொல்லாகிய அலர், காதலரைப் பிரிப்பதுபோலத் தோன்றி வரைவை விரைவுபடுத்தும் என்பது அகத்திணை மரபு. டார்சி எலிசபெத்தை மணக்கப்போகின்றான் என்னும் அயலார் பேச்சு கதறீன் சீமாட்டியின் செவிக்கு எட்டுகின்றது. அதைத் தடுக்க ஓடிவந்த சீமாட்டியிடம், அவனை மணவேன் என்று வாக்களிக்க எலிசபெத் மறுக்கின்றாள். அச்செய்தியைச் சீமாட்டியே டார்சியிடம் கொண்டுபோய்ச் சொல்ல, அவனுக்கு நம்பிக்கை பிறக்கின்றது. லிடியா விக்கத்தோடு ஓடிப்போதலையும் உடன்போக்கென்று சிலர் எழுதுவர், அது பொருந்தாது. உடன்போக்கிற் சென்ற தலைவன் மணத்தை எண்ணியவன்; விக்கம் எண்ணியது அதுவன்று. டார்சி மறைவாகப் பணங் கொடுத்துக் கடன் தீர்த்த பின்னரே அங்கே மணம் நடந்தது.

இனி என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். எலிசபெத் மறுத்த கொலின்ஸை அவளுடைய தோழி சார்லட் மூன்று நாளுக்குள் ஏற்றுக்கொள்கின்றாள். அவளுக்கு வயது 27. அழகும் இல்லை, பொருளும் இல்லை. தமக்கை முதுகன்னியாய் வீட்டிலிருந்து விடுவாளோ என்ற அச்சம் நீங்கியதென்று அவளுடைய தம்பிமார் மகிழ்ந்தனர் என ஆசிரியர் ஒரே வாக்கியத்திற் சொல்லிச் செல்கின்றார். சார்லட்டின் செயலை மதிப்பிடுக என்று ஒரு முறை வினாக் கொடுத்தேன். உடப்பிலிருந்து வந்த மாணவனொருவன் அவள் செய்தது சரியே என்று வாதித்து மூன்று பக்கம் எழுதினான். எலிசபெத்தின் உயர்ந்த கொள்கையை அவன் உணரவில்லை என்று ஓரத்திற் சிவப்பு மையாற் குறித்து, குறைந்த புள்ளியிட்டேன். அவனுக்கு மணமாகாத அக்காமார் மூவர் இருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஜேன் ஒஸ்ரின்தாமும் 1802ஆம் ஆண்டு திசெம்பரில், செல்வக் குடும்பத்து இளைஞன் ஒருவன் கேட்க மாலையில் இசைந்து, மறுநாட் காலையில் மறுத்தவர்; 1817இல் 41ஆம் வயதில் இறக்கும்வரை மணமின்றியே வாழ்ந்தவர். இசைதலும் மறுத்தலும் என்ன விலை கேட்கும் என்பதை அவர் அறிவார். ஆதலாற் சார்லட்டை அவர் ஏளனஞ் செய்யவில்லை. நம் நாட்டவரான யஸ்மின் குணரத்ன 1970இல் இவ்வாசிரியரைப் பற்றி எழுதிய நூல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. இளைய ஆசிரியர்கள் அதனைத் தேடிப் படிப்பார்களாக.

ஓய்வு பெற்றபின் நாவலை மீண்டும் படித்தேன். மணமான சார்லட்டின் வீட்டுக்கு எலிசபெத் விருந்தாகச் செல்லும் பகுதியில், சார்லட் தான் அமர்வதற்கு வெளிச்சமும் வசதியும் குறைந்த பின்னறையைத் தெரிந்தெடுத்திருக்கின்றாள். வீதியை நோக்கிய முன்னறையில் கணவர் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னறை நல்லதாயிருந்தால் அவர் அங்கே அடிக்கடி வந்துவிடுவார். தோட்ட வேலை உடம்புக்கு நன்று என்று அவரைத் தூண்டுபவளும் அவளே. கற்பித்த ஆண்டுகளில் இப்பகுதியை நான் பரீட்சைக்கு வேண்டாததென்று விரைவாகக் கடந்துவிடுவதுண்டு. அந்த மாணவனின் மூன்று பக்கங்களில் ஒரு பக்கம் முழுவதும் அப்பின்னறையைப் பற்றியதே.