முகம் அறியும் யந்திரமும் ஓய்வூதியமும்

மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும், வழக்கமாக நவம்பர் மாதத்தில், உயிர்ச்சான்று அளித்தல் வேண்டும். 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டம் இதற்கு விரல் ரேகையையும் கருவிழியையும் ஆதாரமாகக் கொண்டது. முதுமையாலும் கடும் உழைப்பாலும் ரேகைகள் தேய்வதுண்டு. ஆகவே, கைப்பேசிக் கேமராவினால் முகத்தை ஒப்பிடும் முறை 2021-இல் சேர்க்கப்பட்டது.

யந்திரம் மனிதரைப்போல் முகத்தை அறிவதில்லை. முகத்தின் அமைப்பை எண்களின் வரிசையாக மாற்றி, ஆதார் பதிவிலுள்ள படத்துடன் ஒப்பிடுகிறது. ஒற்றுமை ஒரு வரம்பைக் கடந்தால் ஏற்கிறது, இல்லையேல் மறுக்கிறது. ஆசிரியர்கள் இதற்குச் சல்லடையை உவமையாகக் கூறலாம். கண் சிறிதானால் நல்ல தானியமும் தங்கிவிடும். பெரிதானால் கல்லும் விழுந்துவிடும். பிழையே நேராத வரம்பு என ஒன்றில்லை.

எனவே, ‘பொருந்தவில்லை’ என்ற விடை ஒருவரைப் போலி எனக் காட்டுவதாகாது. மங்கிய ஒளியோ, பழைய படமோ காரணமாகலாம். களப்பணியாளர் நல்ல ஒளியில் மீண்டும் முயலுதல் வேண்டும். அதுவும் பயனளிக்காவிடில், வங்கியில் நேரில் காகிதச் சான்று அளிக்கும் வழி இன்றும் உண்டு என்பதை எடுத்துரைத்தல் அவசியம். யந்திரத்தின் பிழையால் முதியவர் எவருடைய ஓய்வூதியமும் நின்றுவிடலாகாது.