புத்தகத்தைப் பறிகொடுத்த அன்னை

காலனிக் காலத்து இந்து சமயச் சீர்திருத்தம்னாலே மேடைப்பேச்சுதான் நம்ம ஞாபகத்துக்கு வரும். ஸ்ரீ ராமகிருஷ்ணரின் துணைவியார் அன்னை சாரதா தேவியின் கதையைக் கேளுங்கள். காமார்புகூரில் அவர் வங்க எழுத்துப் பாடம் படித்தபோது, உறவினர் ஹிருதயர் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். பெண் படித்தால் நாவல் படிக்கக் கிளம்பிடுவாளாம்! அன்னை விடவில்லை. ஓர் அணாவுக்கு ரகசியமாக இன்னொரு புத்தகம் வாங்கினார். பாடசாலைக்குப் போய்வந்த லட்சுமி சொல்லிக்கொடுத்தார்.

ராமகிருஷ்ண மிஷன் 1928-இல் சிங்கப்பூருக்கு வந்தது. நம்ம லிட்டில் இந்தியாவில், நாரிஸ் ரோட்டில், 1930களில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. ஆண் பிள்ளைகள் பள்ளிக்கு விவேகானந்தர் பெயர். பெண் பிள்ளைகள் பள்ளிக்கு அந்த அன்னையின் பெயர். கட்டடம் இன்னும் இருக்கு. சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்தே போகலாம்.