ஏடும் கோப்பும்

ஏட்டில் எழுதுதல் நம் முன்னோர் பயின்ற கலை. கணினிக் கோப்பில் எழுதுதல் இக்கால மாணவர் பயிலும் கலை. எழுதியதைக் காவாவிடின் இரண்டிலும் உழைப்பு வீணாம்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏடும் நூலும் ஒருங்கே அழிந்தன. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ மின்னூலகம் ஈழத்து நூல்களைக் கணினியிற் சேர்த்துவருகின்றது. ஆதலின் கோப்பெழுதும் முறையைக் கரவெட்டி மாணவரும் செவ்வனே அறிதல் வேண்டும்.

பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பைதன் மொழியால் எழுதப் புகுகின்றோம் எனக் கொள்வோம். செயல்கள் மூன்று: திறத்தல், எழுதுதல், மூடுதல்.

திறப்பதற்குரிய கட்டளை ‘ஓப்பன்’. அதனுள் கோப்பின் பெயர், திறக்கும் முறை, எழுத்துக் குறிமுறை என்பவற்றைத் தருக. முறைக்கு ‘டபிள்யூ’ என இட்டால், அப்பெயரில் முன்னிருந்த கோப்பு திறந்த கணத்திலேயே வெறுமையாகும். எச்சரிக்கை யாதும் வாராது. யாமே இப்பிழை செய்து, ஒரு மாலை முழுதும் சேர்த்த பெயர்களை இழந்தோம். ‘ஏ’ என இட்டால் பழையதன் இறுதியிற் புதியது சேரும். ‘எக்ஸ்’ என இட்டால், அப்பெயரிற் கோப்பு உளதாயின் பைதன் திறக்க மறுத்துப் பிழை காட்டும்.

குறிமுறை ‘யூ.ரி.எப்.-8’ ஆகுக. அதில் ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைற்றும், தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைற்றும் வேண்டும். ‘கி’ என்பது ககரமும் இகரக்குறியும் சேர்ந்தது. ஆதலின் 6 பைற்று. குறிமுறையைக் கூறாதொழியின், சில கணினிகள் தமிழ் ஏலாத வேறொன்றைக் கொண்டு இடையில் நின்றுவிடும்.

எழுதுவதற்குரியது ‘ரைற்’. அது தானாக அடுத்த வரிக்குச் செல்லாது. பெயர்தோறும் இறுதியில் பின்சாய்கோட்டையும் ‘என்’ எழுத்தையும் இடுக. பிறந்த ஆண்டு போன்ற எண்களை முதலில் எழுத்துருவாக மாற்றுக.

எழுதியது முதலில் நினைவகத்திலே தங்கிப் பின்னரே வட்டிற் சேரும். மூடுமுன் மின்சாரம் நின்றால் இறுதிப் பகுதி போய்விடலாம். ‘வித்’ என்னும் சொல்லோடு திறந்தால், இடையிற் பிழை நேரினும் பைதனே கோப்பை மூடிவிடும்.

மாணவர்காள்! அன்று ஏடுகளைத் தீயும் செல்லும் தின்றன. இன்று ஓரெழுத்தே அதனைச் செய்யும். இவ்விழாவிற் சேர்த்த பெயர்கள் அடுத்த விழாவிலும் வாசிக்கப்பட வேண்டுமாயின், ‘டபிள்யூ’ இடுமுன் படியொன்று எடுத்து வையுங்கள்.